பிரமுவின் இன்னொரு காது

அந்தக் காலத்தில், கட்டங்களில் குடியிருந்தவர்களுக்கு வாயும் காலும் இருந்தபோது, கட்டவெளி என்று ஒரு சீமை இருந்தது. கணக்கு நோட்டுத் தாள் போல நாலு பக்கமும் சதுரம் சதுரமாக நீண்டுகொண்டே போகும். அதன் எல்லையைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னதும் இல்லை. ஒரு கட்டத்தில் ஒருவர்தான் இருக்கலாம். அவருக்கு ஒரு விளக்கு. விளக்கு எரியும்வரை ஆள் உண்டு. அது மலையேறினால் ஆளும் இல்லை.

ஒவ்வொரு கட்டத்தையும் ஒட்டி எட்டுக் கட்டங்கள் இருந்தன, பக்கத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று. சீமையில் எங்கேயோ ஒரு மணியும் இருந்தது. அதை வார்த்தவர்கள் இரக்கம் என்ற ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். மணி அடிக்கும்போது உன்னை ஒட்டிய எட்டுக் கட்டங்களில் இரண்டு பேரோ மூன்று பேரோ இருந்தால் நீ பிழைத்தாய். அதற்குக் குறைந்தால் தனிமையில் விளக்கு மலையேறும். நாலு பேர் ஆகிவிட்டாலோ நெரிசலில் மலையேறும். காலிக் கட்டத்தை ஒட்டிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அங்கே ஒரு புது விளக்கு எரியும். சொந்தக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக வந்து இறங்கினால் நமக்கும் மூச்சு முட்டத்தான் செய்கிறது. அங்கே மூச்சே நின்றுவிடும்.

ஆனாலும் யாரும் பயந்து வாழவில்லை, கால் இருந்ததே. மணி அடிக்கும் முன்னால் அதன் கயிறு கர்ரென்று இழுபடும் சத்தம் கேட்கும். கேட்டதும் ஆளுக்கு ஓரிரு கட்டம் நகர்ந்து சரிசெய்துகொள்வார்கள்.

அந்தச் சீமையில் முப்பிடாதி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இசக்கி, ஒரே மகள் பிரமு. முப்பிடாதிக்கு ஓர் அண்ணன், மாசானம். ஒரு தம்பி, கொம்பையா. இருவரும் கிழக்கே வெகு தொலைவில் இருந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்களைக் காணாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிரமுவுக்குக் காது குத்தும் நாளைக் குறித்ததே, அப்போதாவது அவர்கள் வருவார்கள் என்றுதான்.

கட்டவெளியில் தாய்மாமன் இல்லாமல் காது குத்த மாட்டார்கள். ஒரு கட்டத்தில் இருவர் இருக்க முடியாதே, அதனால் மாமன் மூலைக் கட்டத்தில் உட்கார்ந்து கையை நீட்டிப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்வான். அதற்குப் பெயர்தான் மடி. ஊசி பிடிப்பது தாய்.

இரண்டு மாமன்களும் வந்தே விட்டார்கள். முப்பிடாதி நடுவில். அவளுக்குக் கிழக்கே அண்ணன், மேற்கே தம்பி, வடக்கே புருஷன், தெற்கே பிள்ளை. நாலு பக்கமும் நிறைந்து அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. விசேஷ வீட்டில் அக்கம்பக்கத்தை எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும்.

"எண்ணிட்டியா?" என்று இசக்கி கேட்டான்.

"எண்ணாம என்ன? அக்கம்பக்கத்துல ஒருத்தரும் இல்ல. எல்லாம் நம்மாளுகதான்."

அங்கேதான் தவறு நடந்தது. கூடப் பிறந்தவனைப் போய் யாராவது பக்கத்து வீட்டுக்காரன் என்று எண்ணுவார்களா? அவள் எண்ணவில்லை. மணி எண்ணும்.

மாசானம் மூலை வழியே கையை நீட்டிப் பிள்ளையின் தலையைப் பிடித்தான். வலது காது குத்தியாயிற்று. தோடும் மாட்டியாயிற்று. பிரமு அழுகையை அடக்கிக்கொண்டு மாமனின் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். இடது காதுக்கு ஊசியைத் திருப்பும்போது கயிறு கர்ரென்றது.

அண்ணன் தங்கையைச் சுற்றிப் பார்த்தான். நாலு பேர். இப்படியே மணி அடித்தால் மற்ற எல்லோரும் பிழைப்பார்கள், அவள் ஒருத்தி இருக்க மாட்டாள். ஒருவர் விலகினால் போதும் என்று அவனுக்குத் தெரிந்தது. விலகிப் போகிறவன் அந்த வெட்டவெளியில் தனியாக அணைய வேண்டும் என்பதும் தெரிந்தது. பிள்ளையின் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு எழுந்து, கிழக்கே இரண்டு கட்டம் தள்ளிப் போனான். அதே நொடியில் தம்பியும் எண்ணிப் பார்த்து, அதே முடிவுக்கு வந்து, மேற்கே இரண்டு கட்டம் போயிருந்தான். நடுவில் அக்கா இருந்ததால் ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியவில்லை.

போகும்போது வாயில் வந்தது வழக்கமான சொல்தான். தங்கச்சி வீட்டு வாசலில், அதுவும் விசேஷத்தன்று, யார் 'போறேன்' என்பார்கள்?

"போயிட்டு வாறேன்மா."

"போயிட்டு வாறேன்க்கா."

இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டபோதுதான் முப்பிடாதிக்கு விளங்கியது. கூப்பிட நேரம் இல்லை. இசக்கி, அவள், பிரமு மூவரும் வடக்கும் தெற்குமாக ஒரே கோட்டில் மிச்சமிருந்தார்கள்.

இசக்கி ஒரு காலைத் தூக்கினான். "நான் உங்க அண்ணன் இருந்த கட்டத்துக்கு வந்திருதேன். மூணு பேரும் மூலையா ஆயிருவோம். நாலாவதா யாரோ ஒரு ஆள் வருவாவ. அப்புறம் நாலு பேருக்கும் எந்த மணியாலயும் ஒண்ணும் ஆகாது."

உண்மைதான். நால்வர் சதுரமாக உட்கார்ந்துவிட்டால் மணி அவர்களைத் தொடாது. முப்பிடாதி காலிக் கட்டத்தைப் பார்த்தாள். அண்ணன் உட்கார்ந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வாறேன்னுட்டுப் போயிருக்காவ. வந்து பாத்தா அந்த இடத்துல நீங்க இருக்கவா?"

"செத்துப்போறவன் சொன்ன பேச்சுட்டி அது. ஒரு பேச்சுக்குச் சொன்னாவ. இப்படியே இருந்தா நானும் பிள்ளையும் அணைஞ்சிருவோம். அந்தக் கட்டத்துல எவனோ முகம் தெரியாதவன்தான் வருவான்."

அவளால் இவர்களையும் விட முடியவில்லை, அவர்களையும் விட முடியவில்லை. "அவுக பேச்சுக்குச் சொல்ல மாட்டாவ," என்றாள். "நீங்களும் போறேன்னு சொல்லாதீங்க. வாறேன்னு சொல்லுங்க."

இசக்கி அவள் முகத்தைப் பார்த்தான். தூக்கிய காலை அதே கட்டத்தில் திரும்ப வைத்தான்.

"போயிட்டு வாறோம்," என்றான். பிரமுவும் கூடவே சொன்னாள்.

மணி அடித்தது. வடக்கே இருட்டு, தெற்கே இருட்டு. கிழக்கே ஒரு விளக்கு, மேற்கே ஒரு விளக்கு. முப்பிடாதிக்கு ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லை. முகம் தெரியாதவர்களாக இருந்தால் அவள் எல்லோரையும் இழந்தவள்.

"பிள்ளைக்கு இன்னொரு காது குத்தியாச்சாம்மா?" என்று கிழக்கேயிருந்து குரல் வந்தது.

மணிக்கு இரக்கம் தெரியாதுதான். ஆனால் பொய்யும் தெரியாது. வாறேன் என்று சொன்னால் வருகிறார் என்றே அது எடுத்துக்கொண்டது.

அவள் அழுதாள். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். மாசானம் உடனே காலைத் தூக்கினான், இசக்கி இருந்த கட்டத்துக்கு நகர்ந்து மூவரையும் காப்பாற்ற. பிறகு அவனே கேட்டான், "மாப்பிள்ளை என்ன சொல்லிட்டுப் போனாவ?"

"போயிட்டு வாறோம்னாவ."

அவன் காலைக் கீழே வைத்துவிட்டான். கயிறு கர்ரென்றது. அண்ணனும் தம்பியும் இருந்த இடத்திலேயே இருந்து, "போயிட்டு வாறோம்" என்றார்கள்.

மணி அடித்ததும் பிரமு கண்ணைத் திறந்து முதலில் மூலையைத்தான் பார்த்தாள். "மாமா வந்தாவளாம்மா?"

"இப்பத்தான் போனாவ. உன்னையத்தான் கேட்டாவ."

மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மாமன் இருக்கும்போது பிள்ளை இல்லை, பிள்ளை இருக்கும்போது மாமன் இல்லை. எல்லோரும் இருந்தால் அம்மா இல்லை. ஒருவர் ஓர் அடி எடுத்து வைத்தால் மூன்று பேர் நிம்மதியாகப் பிழைப்பார்கள், மற்ற இருவருக்கு வர இடம் இருக்காது. யாரும் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை. வைக்காமல் வைக்காமல் நடையே மறந்துபோனது. நகர ஆள் இல்லாத ஊரில் எதற்கு முன்னறிவிப்பு என்று கயிறும் ஓய்ந்தது. மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அன்று முதல்தான், கட்டவெளியில் மூன்று விளக்குகள் ஒரே வரிசையில் எரிந்தால் ஒரு மணிக்குக் குறுக்காகவும் மறு மணிக்கு நெடுக்காகவும் மாறி மாறி எரிகின்றன. கணினித் திரையில் கட்டம் போட்டு அதே விதியை ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் ஓரத்து இரண்டும் போய்ப் போய் வருவது தெரிகிறது, நடுவில் ஒருத்தி மட்டும் கையில் ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு அணையாமல் இருக்கிறாள்.