பத்தொன்பது

அந்த மருத்துவமனையின் கணினி அறையில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் சபுரா. சீடர் அருளப்பனுக்கு ஐம்பத்து மூன்று. பாதி வாழ்க்கையைத் தட்டச்சில் கழித்துவிட்டு லினக்ஸ் கற்க வந்தவர். பிடித்தால் விடமாட்டார்.

சர்வரின் பழைய டிஸ்க் காலையிலிருந்து டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. இன்றைய நாளைத் தாண்டாது என்று சபுரா சொல்லிவிட்டாள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பன்னிரண்டு வருடக் குறிப்பும் அதில்தான் இருந்தது. எல்லாவற்றையும் சுருக்கிப் புது டிஸ்குக்கு மாற்ற வேண்டும்.

"நானே பாத்துக்கிறேன் மேடம்," என்றார் அருளப்பன்.

மாற்றும் புரோகிராம் சிபியு முழுவதையும் விழுங்கியது. அதே சர்வரை நம்பியிருந்த கவுன்ட்டரில் சீட்டு வரவில்லை, ஜனங்கள் கத்தினார்கள். அருளப்பன் புரோகிராமைப் பாதியில் கொன்றார். மறுபடி தொடங்கினால் முதலிலிருந்துதான். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கொன்றார்.

மூன்றாம் முறை, சிபியுவில் பத்து சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாதபடி கட்டிப்போட்டார். கவுன்ட்டர் ஓடியது. மாற்றும் வேலை ஊர்ந்தது. மதியம் கவுன்ட்டர் காலியானது. அப்போதும் அதே பத்து.

"இந்த வேகத்துல நாளைக்குத்தான் முடியும் மேடம். விட்டா கவுன்ட்டர் சாகுது, கட்டினா இது சாகுது. ஆனா முடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரிங்கண்ணே," என்று சபுரா அவரை வெளியே அழைத்துப் போனாள்.

வராந்தாவில் பேச்சியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. வாளியை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டி நின்றாள். அது போனதும் சக்கரத் தடத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இன்னொரு ஸ்ட்ரெச்சர் வந்தது. மறுபடி சுவரோரம்.

"ஸ்ட்ரெச்சர் வருதுன்னு இவங்கள யாராவது வீட்டுக்கு அனுப்பினாங்களா?" என்றாள் சபுரா.

"இல்ல மேடம்."

"ஒரு மணி நேரத்துல ஆறு நிமிஷந்தான் துடைக்கணும்னு சொன்னாங்களா?"

அருளப்பன் அதற்குள் அறைக்கு ஓடியிருந்தார்.

பத்து சதவீதக் கட்டை அவிழ்த்தார். புரோகிராமின் முன்னுரிமை எண்ணைப் பத்தொன்பது ஆக்கினார். வரிசையில் அதுதான் கடைசி இடம். காலியான மதியத்தில் அது தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டி ஓடியது. மூன்று மணிக்குக் கூட்டம் வந்ததும் தானாகவே சுருங்கியது. ஒரு சீட்டுகூடத் தாமதமாகவில்லை. கூட்டம் வடிந்ததும் மறுபடி ஏறியது.

ஐந்து இருபதுக்கு எல்லாம் புது டிஸ்கில் இருந்தது. அரைமணி கழித்துப் பழையது ஒருமுறை கரகரத்து நின்றுபோனது. அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாருக்கும் பின்னாலதானே நின்னுது மேடம். எப்படி முடிச்சுது?"

"போய் வராந்தாவப் பாத்துட்டு வாங்கண்ணே," என்றாள் சபுரா. "கடைசி வரைக்கும் போங்க. பாத்து நடங்க, அங்கயும் ஈரமா இருக்கும்."