நின்றுகொண்டே சாப்பிட்டவர்

"வாத்தியாரே, என் வாயைத் தைச்சிடுங்க."

தணிகைவேல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"நேத்து ஒரு நிக்காஹ். அறுநூறு பேருக்கு ஆக்கினேன். உப்பு பாக்க ஒரு வாய் எடுத்தேன். கறி வெந்துச்சான்னு ஒரு துண்டு. தம் உடைச்சதும் ஓரத்துல ஒரு பிடி. பந்தி முடியறதுக்குள்ள எவ்ளோ உள்ள போச்சுன்னு எனக்கே தெரியல."

"ம்."

"காலைல ஓடிக் கரைக்கிறேன். மத்தியானம் தின்னு ஏத்திக்கிறேன். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வாங்க, ஓடலாம்."

இருவரும் ஓடினார்கள்.

ஜபருல்லாவுக்கு ஐம்பத்தொரு வயது. ஆம்பூரில் கல்யாண பிரியாணி ஆக்குகிறவர். தணிகைவேலுக்கு முப்பத்தெட்டு. ரயில்வேயில் கீமேன். தண்டவாளத்தின் பிடிப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே தினமும் பல மைல் நடப்பது அவர் வேலை. வேலை இல்லாத நேரத்தில் ஓடுவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

இரண்டு வருடம் முன்பு ஜபருல்லா ஒரு மண்டபத்தின் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வரவில்லை. டாக்டர் சர்க்கரை என்றார், நடக்கச் சொன்னார். நடக்கப் போன இடத்தில் தணிகைவேல் ஓடிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"

"அந்தக் கம்பம் வரைக்கும் ஓடுங்க. அடுத்த கம்பம் வரைக்கும் நடங்க."

அன்று அவ்வளவுதான் பாடம்.

ஜபருல்லா அவரை விளையாட்டாக வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது நிஜமாகிவிட்டது.

மூன்றாம் மாதம் முழுசாக ஒரு கிலோமீட்டர் ஓடியபோது ஜபருல்லா நின்று கையை விரித்தார்.

"முப்பது வருஷமா அடுப்புக்கு முன்னாடி நிக்கிறேன் வாத்தியாரே. முகத்துல காத்து படுறது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

இப்போது ஞாயிறுதோறும் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறார். மலையடிவாரத்தில் நடக்கப்போகும் இருபத்தொரு கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

அதற்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

மறுநாள் ஜபருல்லாவே ஒரு வழியோடு வந்தார்.

"முடிவு பண்ணிட்டேன். போட்டி முடியற வரைக்கும் அடுப்படியில ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டேன்."

"ருசி பாக்காம எப்படி ஆக்குவீங்க?"

"கரீம் பாப்பான். இருபது வருஷமா எங்கூட இருக்கான்."

கரீமுக்கு நாற்பது வயது. நல்ல வேலைக்காரர். எப்போதும் கன்னத்தில் ஒரு பக்கம் புகையிலை போட்ட ஜர்தா பீடா அடங்கியிருக்கும்.

தணிகைவேல் ஷூ கயிற்றை இறுக்கினார்.

"உங்க இஷ்டம் பாய்."

காலையில் தண்ணீரில் வெந்த ஓட்ஸ். மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி. மண்டபங்களுக்கு ஜபருல்லா தன் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போனார். அறுநூறு பேர் பிரியாணி சாப்பிடும் இடத்தில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி வெள்ளரிக்காய் கடித்தார்.

ஐந்து வாரத்தில் ஏழு கிலோ இறங்கியது.

"பறக்கிறேன் வாத்தியாரே!"

"காத்து எப்படி இருந்துச்சு?"

ஜபருல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம் இருபது செகண்ட்."

தணிகைவேல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆறாவது வாரம் அன்சாரின் மகளுக்குக் கல்யாணம். அன்சாரும் ஜபருல்லாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிரியாணியை வேறு யாராவது ஆக்குவார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

விறகு எரிந்தது. கறி மசாலாவில் வெந்தது. அரிசி கொட்டுவதற்கு முன் மசாலாவின் உப்பு நாக்கில் கொஞ்சம் தூக்கலாக நிற்கவேண்டும். அரிசி அதை இழுத்துக்கொள்ளும். ஜபருல்லா சட்டியின் முன் நின்றார். கை தானாகக் கரண்டிக்குப் போனது. அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"கரீமே, உப்பு?"

கரீம் பீடாவை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு நக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்கு மாஸ்டர்."

தம் போட்டார்கள். முதல் பந்தி உட்கார்ந்தது.

வழக்கமாக முதல் பந்தியில் சத்தம் சட்டென்று அடங்கும். எல்லோருக்கும் வாய் நிறைந்திருக்கும். அந்த அமைதி கேட்ட பிறகுதான் ஜபருல்லா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பார்.

அன்று சத்தம் அடங்கவில்லை.

யாரோ கேட்டார்கள்: "உப்பு இருக்கா?"

இன்னொரு மேஜையிலும் கேட்டார்கள்.

ஜபருல்லா சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். பட்டுச் சட்டை போட்ட அன்சார், பெண்ணைப் பெற்றவர், கையில் ஒரு உப்புக் கிண்ணத்தோடு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் சிரித்துக்கொண்டே குனிந்தார்.

மூன்றாவது பந்தி முடிந்ததும் அன்சார் உள்ளே வந்து தோளில் கை வைத்தார்.

"விடு ஜபரு. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல."

மறுநாள் காலை ஜபருல்லா ஓட்டத்துக்கு வந்தார். ஓடவில்லை. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

"அவன் என்னைத் திட்டியிருக்கலாம் வாத்தியாரே."

தணிகைவேல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த ஓட்டம் எனக்கு வேணாம். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு தொழில். அதையும் இது தின்னுடுச்சு. விட்டுடறேன்."

"சரி."

"சரியா? ஒரு வார்த்தை தடுக்க மாட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு. பேர் குடுத்திருக்கீங்க. அதை ஓடிட்டு விடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் ஓடினார்கள். தணிகைவேல் நினைத்தால் முதல் பத்துப் பேரில் வரக்கூடியவர். அன்று ஜபருல்லாவின் பக்கத்திலேயே ஓடினார்.

ஐந்து கிலோமீட்டர் நன்றாகப் போனது. பத்தும் போனது.

பதினாறாவது கிலோமீட்டரில் ஜபருல்லாவின் கால் நின்றது. வலியில்லை. சுளுக்கில்லை. விறகு தீர்ந்த அடுப்பு மாதிரி நின்றுவிட்டது. ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து வாழைப்பழம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க ஐயா."

ஜபருல்லா அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுல சர்க்கரை எவ்ளோ இருக்கும்மா?"

தணிகைவேல் பழத்தை வாங்கி உரித்து அவர் கையில் திணித்தார். கடைசித் துண்டு இறங்கும்வரை எதிரிலேயே நின்றார். பிறகு அவரும் சுவரில் உட்கார்ந்தார். அவர்களைத் தாண்டி ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன சாப்பிடணும்போல இருக்கு பாய்?"

ஜபருல்லா யோசித்தார். சீரக சம்பாவின் வாசனையை அரிசி மூட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லக்கூடியவர். எது காட்டில் மேய்ந்த ஆடு, எது வீட்டில் வளர்ந்த ஆடு என்று கறியைத் தொட்டே சொல்லக்கூடியவர். ரொம்ப நேரம் யோசித்தார்.

"தெரியல."

சொன்னதும் அழுதுவிட்டார்.

தணிகைவேல் அவர் அழுது முடிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை விடணும்னு மட்டும் சொல்லுங்க வாத்தியாரே. ஓட்டத்தையா, சோத்தையா? எதைச் சொன்னாலும் விட்டுடறேன். நடுவுல கிடந்து அல்லாட முடியல."

"வெள்ளிக்கிழமை வேலை இருக்கா?"

"எங்க இருக்கும்? உப்பு விஷயம் ஊர் பூரா போயிடுச்சு. ரெண்டு கல்யாணம் கை மாறிடுச்சு."

"அப்ப உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன்."

"நான் ஆக்கினதையா?"

"பின்ன?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜபருல்லா திரும்பியபோது தணிகைவேல் கொல்லைப்புறத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜபருல்லாவின் மனைவி மெஹருன்னிசா வெங்காயம் நறுக்கி வைத்திருந்தார்.

சின்னச் சட்டி. ஒரு கிலோ கறி, ஒரு கிலோ அரிசி. ஜபருல்லாவுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

மசாலா கொதித்தது. அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"கரீமுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேணாம்."

"போட்டியை ஓடி முடிக்கல. அதுவரைக்கும் வாயில வைக்கிறதில்லன்னு..."

"உப்பு சரியில்லன்னா எழுந்து போயிடுவேன் பாய்."

ஜபருல்லா கரண்டி நுனியில் எடுத்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஏழு வாரத்துக்குப் பிறகு அது நாக்கில் பட்டது. கண்ணை மூடினார். திறந்தார். ஒரு சிட்டிகை உப்பு போட்டார். மறுபடி பார்க்கவில்லை. அரிசியைக் கொட்டினார்.

தம் உடைத்தபோது ஆவி கொல்லையை நிறைத்தது. பழக்கத்தில் அவருடைய விரல்கள் சட்டியின் ஓரத்துக்குப் போயின. அங்கே ஒட்டியிருக்கும் ஒரு பிடிக்கு.

தணிகைவேல் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்க."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் ஒரே ஒரு தட்டு. பருப்பும் கத்திரிக்காயும் சேர்ந்த தால்ச்சா ஒரு கிண்ணத்தில், தயிர் வெங்காயம் ஒரு கிண்ணத்தில்.

"உக்காருங்க."

"விருந்தாளி நீங்க."

"உக்காருங்க பாய்."

ஜபருல்லா உட்கார்ந்தார். காலை எப்படி மடக்குவது என்று சற்றுத் தடுமாறினார். தணிகைவேல் கரண்டியை எடுத்துப் பரிமாறினார்.

கதவோரம் நின்ற மெஹருன்னிசா சொன்னார்:

"கட்டிக்கிட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு தம்பி. இவரு உக்காந்து பிரியாணி சாப்பிட்டு நான் பார்த்ததில்ல. வேலை முடிஞ்சு வரும்போதே வயிறு நிறைஞ்சிருக்கும். பசி மட்டும் அப்படியே இருக்கும்."

ஜபருல்லா முதல் வாய் எடுத்தார். சூடு மட்டும் தெரிந்தது. இரண்டாவதில் உப்பு. மூன்றாவதில் பட்டையின் காரம். அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. அரிசி கொஞ்சம் ஆறியதும் கறியின் கொழுப்பில் ஒரு இனிப்பு இருந்தது. அவர் கை நின்றது.

"இது இப்படியா இருக்கும்?"

"ஊரே அதைத்தானே சொல்லுது," என்றார் மெஹருன்னிசா.

ஜபருல்லா மறுபடி தட்டின்மேல் குனிந்தார். தெருவில் ஒரு ஆட்டோ போனது. கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தார்.

தணிகைவேல் கரண்டியை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்?"

ஜபருல்லாவின் கை தட்டின்மேல் குறுக்கே வந்தது.

"போதும்."

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வாசனை வந்துகொண்டிருந்தது. கை அங்கே போகவில்லை.

"போதும் வாத்தியாரே," என்றார் இன்னொரு முறை, மெல்ல.

"அப்ப எனக்குப் போடுங்க. எனக்கும் பசிக்குது."

ஜபருல்லா துள்ளி எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். புதுத் தட்டு வைத்து, கறி பார்த்து எடுத்து, அரிசியை உதிராமல் சரித்தார். தணிகைவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

ஜபருல்லாவுக்கு நிலைகொள்ளவில்லை. எதிரில் உட்கார்ந்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"வாத்தியாரே, அடுத்த போட்டி எப்போ? மாசி மாசம் ஒண்ணு இருக்குன்னீங்களே. நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா? எத்தனை கிலோமீட்டர் ஓடணும்? என்ன சாப்பிடணும்?"

தணிகைவேல் வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்தார். அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.

"சும்மா இருங்க பாய். சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."