சால்வைக்குப் பக்கத்தில் ஒரு கூடை

கொன்றையூர் சின்ன ராஜ்ஜியம்தான். ஆனால் அதன் ராஜா திருமேனி ராயருக்கு ஆசைகள் மட்டும் பெரிசு பெரிசாக வரும். பக்கத்து நாட்டு விருந்துக்குப் போனவர், வந்ததும் வராததுமாகச் சபையைக் கூட்டினார்.

"அங்கே மாசா மாசம் நல்லா வேலை செய்யிற ஆளுக்குச் சபையிலே சால்வை போர்த்துறாங்க. நம்ம அரண்மனையிலும் அது வேணும்."

"ஏற்பாட்டை என்கிட்ட விடுங்க மகாராஜா" என்று முந்திக்கொண்டார் பிரதானி கொண்டல்ராயர்.

வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கலயம் வைத்தார். யார் வேலை பிடித்திருக்கிறதோ அவர் கலயத்தில் ஒரு குன்றிமணி போட வேண்டும். நிறையச் சேர்ந்தவருக்குப் பௌர்ணமியன்று சால்வை. சால்வை மயில்கழுத்து நிறம், சரிகைக் கரை. ராஜாவே அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "நம்மகிட்டகூட இப்படி ஒண்ணு இல்லையே!"

அன்றிலிருந்து அரண்மனையில் ஒரே குசுகுசு. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன்." எல்லாரும் ராஜா கண்ணில் படுகிற வேலையாகப் பார்த்துச் செய்தார்கள். ராஜாவுக்கு வியர்த்தால் விசிற ஒரு கூட்டமே ஓடிவந்தது. அடுப்படியில் சோறு பொங்கி வழிந்தால் பார்க்க ஆளில்லை.

கடைசியில் சால்வை யாருக்கு? குடை பிடிக்கும் நாகப்பனுக்கு. அவன் பிரதானியின் மச்சான். அவன் கலயம் நிரம்பித் தரையெல்லாம் குன்றிமணி. பிரதானி வீட்டு வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்திருந்தது ஊருக்கே தெரியும்.

மறுநாள் ரசத்தில் உப்பு கரித்தது. வண்ணார் போட்ட கஞ்சியில் ராஜாவின் வேட்டி தனியே எழுந்து நின்றது. காலையில் ராஜாவை எழுப்பும் நாயனக்காரர் தாலாட்டு வாசித்தார். ராஜா உச்சிவேளை வரை தூங்கிப்போனார்.

எழுந்ததும் கூப்பிட்டது சாரங்கனை. சபையில் சாமர்த்தியமாகப் பேசியே சம்பளம் வாங்குகிறவன் அவன்.

"ஓய் சாரங்கா! இந்த மாசம் ஆளைப் பொறுக்குறது நீர்தான்."

பிரதானி சிரித்துக்கொண்டே ஒரு முடிச்சுப் போட்டார். "ஆனா மகாராஜா, அரண்மனையிலே ஒருத்தர்கூட முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுத்தா சாரங்கர் வேலையையும், குடியிருக்கிற அரண்மனை வீட்டையும் விட்டுடணும்."

"பலே! அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

சாரங்கன் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"பொற்கொடி, மூட்டையைக் கட்டு. இத்தனை பேரிலே ஒருத்தருக்குக் கொடுத்தா மத்தவங்க வாய் சும்மா இருக்குமா?"

"கட்டலாம். முதல்ல உங்க பிள்ளையைப் பிடிங்க. தொட்டில் துணியை நாசம் பண்ணிட்டான். இன்னிக்கு ஒரு நாள் நீங்கதான் அலசுங்களேன்."

"ஐயையோ, எனக்குக் குமட்டும்! அது உன்னாலதான் ஆகும் தாயே."

"இப்படிச் சொல்லிச் சொல்லியே என் தலையில கட்டிட்டீங்க."

மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திடீரென்று துள்ளினான். "பொற்கொடி! மூட்டையைக் கட்டாதே!"

"நான் எங்கே கட்டினேன்? துணியைத்தானே அலசிட்டிருக்கேன்."

சாரங்கன் அரண்மனை முழுக்கச் சுற்றினான். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "ஒரு நாளைக்கு வேற ஆள் வேலையைச் செய்யணும்னா, எதைச் செத்தாலும் மாட்டேன்னு சொல்வீங்க?"

சமையற்காரர், வண்ணார், நாயனக்காரர் எல்லாரும் யானைக் கொட்டில் பக்கம்தான் கை காட்டினார்கள். பட்டத்து யானைக்கு அப்போது வயிறு சரியில்லை. நாகப்பன் கையெடுத்தே கும்பிட்டான். "சாப்பிடுற நேரத்துல அந்தப் பேச்சை எடுக்காதீங்க! அது என்னால ஆகாது சாமி."

பௌர்ணமி வந்தது. சபை நிறைந்திருந்தது. பிரதானி நாகப்பன் காதில் ஓதினார். "மச்சான், பேரைச் சொன்னதும் அநியாயம்னு கத்து."

சாரங்கன் எழுந்தான். "இந்த மாசச் சால்வை, யானைக் கொட்டிலைக் கூட்டும் செங்கமலத்துக்கு!"

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கூச்சத்தோடு வந்து நின்றாள். சாரங்கன் சால்வைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடையையும் விளக்குமாற்றையும் வைத்தான். கூடையில் காலையில் அள்ளியது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"மகாராஜா, இவங்க வேலை எங்களால ஆகாதுன்னு எல்லாரும் அவங்கவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இல்லை, இவங்களைவிட நான் மேல்னு யாராவது முணுமுணுத்தா, வரட்டும். இந்தக் கூடையைத் தூக்கிட்டுப் போய் ஒரே ஒரு நாள் கொட்டிலைக் கூட்டட்டும்."

"அநி..." என்று வாயைத் திறந்தான் நாகப்பன். காற்று அவன் பக்கம் வீசியது. திறந்த வாய் பெரிய கொட்டாவியாக முடிந்தது. சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாரங்கன் சால்வையை விரித்து அந்த அம்மாளுக்குப் போர்த்தினான்.

அந்த அமைதியில் மெல்ல ஒரு குரல். "நானும்தான் இந்த மாசம் எவ்வளவு வேலை பார்த்தேன். எனக்கு யார் போர்த்துறா..."

எல்லாரும் திரும்பினார்கள். சிம்மாசனத்தில் ராஜா! கண் சால்வையின் சரிகையிலேயே இருந்தது.

பிரதானி துள்ளிக் குதித்தார். "முணுமுணுப்பு! போச்சு, சாரங்கர் வேலை போச்சு!"

சாரங்கன் பதறவில்லை. கூடையை இரண்டு கையாலும் தூக்கி, குனிந்து, ராஜாவிடம் நீட்டினான்.

"மகாராஜா முணுமுணுத்திருந்தா என் வேலை போகட்டும். போறதுக்கு முன்னால கொட்டில் எந்தப் பக்கம்னு காட்டிட்டுப் போறேன்."

ராஜா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாரய்யா முணுமுணுத்தது? எனக்குத் தொண்டை கமறல்!"

சொன்னவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. பிரதானியும் சிரிக்க வேண்டியதாயிற்று. அதே நிறத்தில் ராஜா தனக்கு ஒன்று நெய்யச் சொன்னார். சாரங்கனுக்கும் ஒன்று கொடுத்தார்.

சாரங்கன் அதைக் கொண்டுவந்து பொற்கொடிக்குப் போர்த்தினான். "யோசனை உன்னுது. சால்வையும் உனக்குத்தான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், கரையைத் தடவிக்கொண்டே. "பிள்ளை மறுபடியும் துணியை நாசம் பண்ணிட்டான். போங்க, அலசிட்டு வாங்க."

சாரங்கன் உதடு அசைந்தது.

"என்ன, முணுமுணுக்கிறீங்களா?"

"சேச்சே, தொண்டை கமறல்" என்றபடி துணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தான்.