நண்டுத்தீவுக் கோடீஸ்வரர்

சங்குப்பட்டினத்தை மகிபாலன் ஆண்ட காலத்தில், அந்த ஊரில் யார் தாளித்தாலும், யார் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் லாபம் பவளநாதருக்குத்தான். நாற்பது செக்குகள் அவருடையவை. மயில் முத்திரை குத்திய அவருடைய எண்ணெய்க் குடங்கள் ஏழு நாட்டுத் துறைமுகங்களில் இறங்கின. ஆனால் அவர் அரசருக்கு ஒரு காசு வரி கட்டியதில்லை.

அதற்கும் ஓர் ஓலை வைத்திருந்தார். மயில் முத்திரை தன்னுடையது அல்ல, நண்டுத்தீவில் இருக்கும் ஒரு வணிக இல்லத்துடையது என்றார். அதைக் குடத்தில் குத்துவதற்கு வாடகை கொடுத்துக் கொடுத்தே தன் லாபம் முழுவதும் அங்கே போய்விடுகிறதாம். நண்டுத்தீவிலோ அரசன் கிடையாது. அரசன் இல்லாத இடத்தில் வரி ஏது?

"நான் எந்தச் சட்டத்தை மீறினேன், சொல்லுங்கள் மகாராஜா" என்று கைகட்டி நிற்பார். அரசரும் சட்டச் சுவடியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். மீறியதாக ஒன்றும் அகப்படாது.

அந்த ஐப்பசி மழையில் துறைமுகத்து அணைச்சுவர் இடிந்தது. திரும்பக் கட்டப் பணம் இல்லை. கருவூல அமைச்சர் நீலகண்டர் ஒரு யோசனை சொன்னார். கடைத்தெருவில் ஆப்பமும் இட்லியும் சுட்டு விற்கும் பெண்கள் முன்னூறு பேர் இருக்கிறார்கள். அடுப்புக்கு மாதம் ஒரு பணம் வரி போடலாம். அவர்களுக்குத் தீவு எதுவும் கிடையாது, எங்கேயும் ஓடமாட்டார்கள். அரசர் மனமில்லாமல் தலையாட்டினார். தைத் தேர் முடிந்த மறுநாள் முதல் வரி என்று முடிவாயிற்று.

அவையில் ஓலை படித்துச் சொல்வது வடிவழகியின் வேலை. படிக்கச் சொன்னால் படிப்பாள். மற்றபடி அவளுக்குக் குரல் இருப்பதே பலருக்குத் தெரியாது. தினமும் அவள் ஆப்பம் வாங்கும் தாயம்மா, மாதம் ஒரு பணம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு மருமகன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அன்று சொன்னாள். வடிவழகி நேரே ஓலை அறைக்குப் போனாள். பவளநாதரின் ஓலையை எடுத்தாள். இதுவரை எல்லாரும் முதல் பத்து வரியோடு கொட்டாவி விட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். இவள் கையெழுத்து வரை படித்தாள்.

பிறகு அரசரிடம் போய், தேருக்கு ஒரு விருந்தாளியை அழைத்து வர ஒரு படகும் இரண்டு நாதஸ்வரக்காரர்களும் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். கோவில் குருக்களிடமும் ஓலையைக் காட்டிவிட்டு வந்தாள்.

சங்குப்பட்டினத்துத் தேருக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் ஊரிலேயே அதிக லாபம் கண்டவருக்குத்தான் பரிவட்டம். அவர் வடத்தைத் தொட்ட பிறகே மற்றவர்கள் இழுக்கலாம். ஆறு வருடமாகப் பரிவட்டம் ஏறியது பவளநாதரின் தலையில். இந்த முறையும் அவர் புதுப்பட்டு உடுத்தி, கட்டுவதற்கு வசதியாகத் தலையைச் சற்று முன்னால் சாய்த்துக்கொண்டு நின்றார்.

குருக்கள் அவரைத் தாண்டிப் போனார். பின்னால் நின்ற ஒரு மெலிந்த மனிதரின் தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். அந்த மனிதர் மேல் ஆட்டு வாடை அடித்தது.

யார் இவர் என்று அரசரே கேட்டுவிட்டார்.

"நண்டுத்தீவு வணிக இல்லத்தின் தலைவர் சடையன், மகாராஜா," என்றாள் வடிவழகி. "தலைவராக இருப்பவர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்கிறது நம் சட்டம். பவளநாதருக்குத் தீவுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அங்கே ஆடு மேய்ப்பவர் பேரில் எழுதிவிட்டார்."

ஓலையின் கடைசி வரியைப் படித்தும் காட்டினாள். மயில் முத்திரையும் அதனால் வரும் லாபம் முழுவதும் தலைவர் சடையனுக்கே உரியவை. கீழே பவளநாதரின் கையெழுத்து.

சடையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாதம் ஒரு மூட்டை அரிசி வரும், வருடத்துக்கு ஒரு தரம் ஓலையில் கைநாட்டு வைப்பேன், அதற்கு மேல் தெரியாது என்றார். வடிவழகி பக்கத்தில் போய்ப் பொறுமையாக விளக்கினாள்.

"அப்ப இவரு யாரு தாயி?" என்று பவளநாதரைக் காட்டினார் சடையன்.

"உங்கள் எண்ணெயை ஆட்டிக் கொடுப்பவர்."

சடையன் பவளநாதரை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஆளுதானா? ஏம்ப்பா, போன மாச அரிசி பூரா கல்லு. இனிமே பாத்து அனுப்பு. அந்தப் பணத்தையும் சாயங்காலத்துக்குள்ள படகுல ஏத்திரு. எனக்கு ஆடு காத்துக்கிட்டிருக்கும்."

பவளநாதர் எண்ணெயில் விழுந்த கடுகாகப் பொரிந்தார். இவன் ஆடு மேய்க்கிறவன், சும்மா பேருக்கு எழுதியது, லாபம் அத்தனையும் என்னுடையது என்று கத்தினார். ஊர் கேட்டது. அரசரும் கேட்டார்.

வடிவழகி குரலை உயர்த்தவில்லை. "உங்களுடையது என்றால் ஆறில் ஒரு பங்கு அரசருக்கு, இத்தனை வருடத்துக்கும் சேர்த்து. அவருடையது என்றால் ஆறு பங்கும் அவருக்கு. சட்டப்படி இரண்டுமே சரிதான் ஐயா. உங்களுக்கு எது சௌகரியம்?"

பவளநாதர் வானத்தைப் பார்த்தார். பிறகு சடையனைப் பார்த்தார். சடையன் அவரைப் பார்த்து முதலாளியின் கனிவோடு சிரித்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. ஆறில் ஒரு பங்கைக் கட்டிவிடுகிறேன் என்று முனகினார்.

அரசர், நீலகண்டரின் கையிலிருந்த அடுப்பு வரி ஓலையை வாங்கி அங்கேயே கிழித்துப் போட்டார். செக்கு எங்கே சுற்றுகிறதோ அங்கேதான் லாபம் என்று சட்டச் சுவடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வடிவழகியிடமே எழுத்தாணியைக் கொடுத்தார். சடையனுக்கு இருபது ஆடுகளும், கல் பொறுக்கிய அரிசி பத்து மூட்டையும் தரச் சொன்னார். ஆனாலும் அவர் மனம் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய சொத்து கைக்கு வந்து நழுவிவிட்டதே, வருத்தமாக இல்லையா என்று சடையனிடம் கேட்டார்.

"ஆறு வருசமா நான் கோடீசுவரன்னு எனக்கே தெரியாது சாமி, நிம்மதியாத் தூங்கினேன்," என்றார் சடையன். "இன்னைக்குத் தெரிஞ்சு அரை நாழிகைதான் இருந்தேன். அதுக்குள்ள நாலு பேரு கடன் கேட்டுட்டாங்க. மொத ஆளு உங்க கருவூல அமைச்சரு."

அரசர் சிரித்து முடிக்கும் வரை தேர் நகரவில்லை.