தவசி நிழலோடு போன காதுகுத்து

புளியங்குளத்துக்காரர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் உயிரே போனாலும் மீறமாட்டார்கள். சொன்னவர்கள்தான் பாவம்.

அந்த ஊர்த் தவசி, தங்கை மகளின் காதுகுத்துக்காகச் சித்திரை வெயிலில் சென்னைக்கு வந்து இறங்கினார். துணைக்குச் சிநேகிதர்கள் சுடலையும் கொம்பையாவும். தங்கை பூமயில் போனில் சொன்னாள்: “அண்ணே, திருவல்லிக்கேணியச் சுத்திப் பாத்துக்கிட்டே நடந்து வந்துருங்க. வெயில்ல மட்டும் காலே வைக்காதீங்க, கறுத்துப் போயிருவீங்க. ராகுகாலத்துக்கு முந்தி புள்ள ஒங்க மடியில இருக்கணும்.”

தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? தவசி நடையை எட்டிப் போட்டார். ஆனாலும் நிழலை விடவில்லை. கடைப் பந்தல், கோயில் மதில் என்று ஒட்டி ஒட்டிப் போனார்கள். ஓரிடத்தில் நிழல் தீர்ந்துபோனது. நல்லவேளையாக ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. அதன் நிழலுக்குள் புகுந்தார்கள். லாரி கிளம்ப, மூவரும் கூடவே ஓடினார்கள். கடைத்தெரு, குளக்கரை, சந்துபொந்து எல்லாம் பார்த்தாயிற்று.

“ஊரு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வேகமாப் போவுது” என்றார் கொம்பையா.

கடைசியில் லாரி பூமயிலின் தெருவிலேயே நின்றது. வீடு எதிர்ப்பக்கம். நடுவே கொளுத்தும் வெயில். வாசலில் பூமயில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு! ஓடி வாங்கண்ணே!”

“நெழலு இல்லியே தாயி!” தவசிக்கு அழுகையே வந்துவிட்டது.

சுடலை யோசித்தார். “நம்ம ஒவ்வொருத்தருக்கும் ஒரு நெழலு இருக்குல்லா? ஒருத்தர் நெழல்ல ஒருத்தர் நடப்போம்.”

“மொத ஆளுக்கு?” என்று கேட்டார் கொம்பையா.

“அவரு கடைசி ஆளு நெழல்ல நடக்கட்டும்.”

நியாயம்தானே! மூவரும் தெருவில் இறங்கி, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் புகுந்து புகுந்து, சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆட்டோக்கள் அலறி நின்றன. தலை கிறுகிறுத்து மூவரும் பூமயில் வாசலிலேயே போய் விழுந்தார்கள்.

எழுந்த தவசி தரையைப் பார்த்து அலறினார். “ஐயோ பூமயிலு! நான் தப்பிச்சிட்டேன். என் நெழலு வெயில்ல கெடந்து கறுத்துப்போச்சே!”

பூமயிலும் அதே புளியங்குளத்தில் பிறந்தவள்தான். குனிந்து பார்த்துப் பதறிப்போனாள். உள்ளே ஓடிப் பவுடர் டப்பாவோடு வந்து, அண்ணனை வாசலில் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் கிடத்தி, நிழலுக்குப் பவுடர் பூச ஆரம்பித்தாள்.

ஆசாரி ஊசியோடு வெளியே வந்தார். “ஏங்க, இந்த வெயில்ல எதுக்கு? உள்ள வந்து உக்காரலாமே?”

வழிந்த வேர்வையைத் துடைத்தபடி தவசி சொன்னார்:

“உள்ள வந்தா நெழலு விழாதே ஆசாரி. பெறவு என் தங்கச்சி எதுல பூசுவா?”