தாய்க்கோழியான அர்த்தநாரி

"அம்மா, நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

கேட்டவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கேட்கப்பட்டவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மரகதம்மாதான் குரு, அர்த்தநாரிதான் சீடர். மலைமேலிருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் வயதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மரகதம்மா முற்றத்தில் உட்கார்ந்து நொய் புடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் வடக்கே வேறொரு மலைக்குப் போகப்போவதாகவும், திரும்பி வரும் எண்ணமில்லை என்றும் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க. உங்களை விட்டுட்டு எனக்கு இருக்கத் தெரியாதுங்க."

மரகதம்மா பதில் சொல்லவில்லை.

அங்கே இது வழக்கம்தான். கேள்வி கேட்டால் சில சமயம் பதில் வரும். வராவிட்டால், வராததுதான் பதில். அதற்கு என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

அர்த்தநாரியோ மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிப் பழகியவர். அம்மா மௌனமாக இருந்துவிட்டால் அறை வாசலிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவார். 'குளிக்கப் போகட்டுங்களா' என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் குளிக்காமலே படுத்த நாளும் உண்டு.

இந்தத் தடவை மௌனம் நீளவில்லை. மரகதம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய், ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டி கீச்கீச்சென்று கத்தியது.

யாரோ சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழி, விறகுக் கொட்டகையில் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் அவை. முந்தின ராத்திரி தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது.

"இதுகளுக்குத் தாய் இல்லை. வெளியே குளிர்," என்றார் மரகதம்மா. "தாயில்லாம இதுக வெளியே படுத்துத் தூங்கற நாள் வரட்டும். அப்புறம், நீங்க என்கூட வர்றதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

அர்த்தநாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மாவட்டத்துக்கே கரண்ட் கொடுத்த ஆள் அவர். நாலு குஞ்சை வெளியே விடுவதா பெரிய காரியம்?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டியைத் தூக்கிப்போய்ப் புல்லில் கவிழ்த்துவிட்டார். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்திருந்தது. எதிரில் இருந்த பலாமரம்கூடப் பனியில் தெரியவில்லை.

குஞ்சுகள் நடக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குமிந்துகொண்டு, காது கிழியக் கத்தின. அடியில் மாட்டியது நசுங்கியே போயிருக்கும். அர்த்தநாரி பதறிப்போய் எல்லாவற்றையும் அள்ளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

சமையல்காரி பழனாத்தா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, வயிறு இப்படிக் கத்துது?"

"பசியில்லீங்க. குஞ்சு."

அன்றைக்கே பெட்டிக்குள் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. மூலைக்கு மூலை ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பல்பை மேலே தூக்கினார். மறுபடி குமிந்தன. கொஞ்சம் இறக்கினார். கத்தல் நின்றது. பெட்டி முழுக்கப் பரவி, ஆளுக்கொரு பக்கம் நொய்யைக் கொத்த ஆரம்பித்தன.

அர்த்தநாரி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதையே பார்த்தார். அவருக்கு அப்படியொரு நிம்மதி.

அப்போது கரண்ட் போய்விட்டது.

உடனே துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டார்.

"லைன்ல வேலை நடக்குதுங்க சார். வந்துரும்," என்றது ஒரு குரல்.

பணியில் இருந்த காலமெல்லாம் ஊராருக்கு அவர் சொல்லி வந்த அதே வாக்கியம். கேட்கிறவர் காதில் அது எப்படி விழும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரண்டை நம்பிப் பயனில்லை என்றாகிவிட்டது. கொட்டகையைத் துழாவி, தரை துடைக்கும் நூல் மாப்பைக் கண்டுபிடித்தார். துவைத்து, அடுப்பில் காயவைத்து, பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார். குஞ்சுகள் முதலில் மிரண்டன. பிறகு ஒன்று நூலுக்குள் தலையை விட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாமே உள்ளே நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டன.

விடிந்ததிலிருந்து காவல் காத்தவர் இவர், தாய் மட்டும் மாப்பா? அர்த்தநாரிக்கு மனசு சுருக்கென்றது.

"சாமி, என் மாப்பைப் பாத்தீங்களா?" என்று பழனாத்தா வந்து நின்றாள்.

"தூங்குதுங்க. சத்தம் போடாதீங்க."

அதன்பிறகு அவருக்கு ஒழிவே இல்லை. வெயில் ஏறினால் பெட்டியை வெளியே தூக்க வேண்டும். புல் காய்ந்திருக்கிறதா என்று வெறுங்காலால் பார்க்க வேண்டும். காற்று வந்தால் சாக்குப் பிடிக்க வேண்டும். பருந்து வட்டமிட்டால் கையை விரித்துக்கொண்டு ஓட வேண்டும். வெயில் இறங்குமுன் எல்லாவற்றையும் உள்ளே சேர்க்க வேண்டும். இன்றைக்குக் கொஞ்ச நேரம், நாளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

காலையில் மட்டும் பழக்கம் விடாமல் அம்மாவின் அறைக் கதவருகே போய் நிற்பார்.

"அம்மா, இன்னிக்கு மூட்டமா இருக்குது. வெளியே விடலாங்களா?"

பதில் வராது.

முன்பென்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். இப்போது பெட்டிக்குள் இருந்து பிள்ளைகள் கத்துகிறார்களே. வானத்தை ஒரு தடவை பார்ப்பார். "சரிங்கம்மா, வேண்டாம்," என்று தானே சொல்லிக்கொண்டு ஓடுவார். மறுநாள் வெயில் அடித்தால், "சரிங்கம்மா, விடறேன்," என்பார். அம்மாவின் மௌனம் ஒரு நாளும் தப்பாகப் போனதில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் சேலத்தில் இருந்து கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பட்டுச் சட்டை, கையில் பழத்தட்டு, முகத்தில் பெருங்கவலை. முற்றத்தில் காவி வேட்டியோடு ஒருவர் குந்தியிருப்பதைக் கண்டு பின்னால் போய் நின்றார். அர்த்தநாரி திரும்பவில்லை. அவருடைய தோளில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது.

"சாமி, என் பையன் வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேங்கறான். முப்பது வயசாச்சு. அவங்கம்மா இருந்தவரைக்கும் அவளே எல்லாம் பாத்துக்கிட்டா. அவ போய்ச் சேந்துட்டா. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரேயடியா வெளிய தள்ளிராதீங்க," என்றார் அர்த்தநாரி, புல்லில் இருந்த குஞ்சு ஒன்றின்மேல் கண்ணை வைத்தபடி. "முதல்ல உள்ளயே சூட்டைக் குறைக்கணும்."

"சரிங்க சாமி."

"வெளிய விட்டா கத்தும். கத்துனதும் தூக்கக் கூடாது. கத்திக்கிட்டே மேயுதான்னு பாருங்க. மேஞ்சா விட்டுருங்க. குமிஞ்சு நின்னா மட்டும் தூக்குங்க."

பட்டறைக்காரர் கண் கலங்கிவிட்டார். பழத்தட்டை அர்த்தநாரியின் பக்கத்தில் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஐயோ, பாத்துங்க," என்று அர்த்தநாரி அலறினார். "அங்க ஒண்ணு நிக்குது."

தை பிறந்தது. குஞ்சுகளுக்குப் பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்துவிட்டது. மாப்புக்குள் நுழைய முடியாமல் முட்டி மோதிக்கொண்டன. ஒருநாள் அதை இழுத்துக் கீழே தள்ளி, அதன்மேல் ஏறி நின்று எச்சமிட்டன. பழனாத்தா அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.

அர்த்தநாரி முற்றத்து ஓரத்தில் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றைக் கட்டி, சாயங்காலம் குஞ்சுகளை அதில் விட்டார். தானும் பக்கத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தார். எப்போது கண்ணயர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

முழிப்பு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. எங்கும் பனி. கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.

அர்த்தநாரிக்கு உயிரே போய்விட்டது. கம்பளியை உதறிவிட்டு ஓடினார்.

பலாமரத்தடியில் ஈரப் புல்லில் நின்று, எல்லாம் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒன்றும் குமியவில்லை. "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டபடி அவர் கிட்டே போனார். ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிவிட்டது.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவருக்கு. அப்படியே அம்மாவின் கதவுக்கு ஓடினார்.

"அம்மா, வெளியே படுத்துத் தூங்கிருச்சுங்க. தாயில்லாமத் தூங்கிருச்சுங்க. இனி நம்ம விஷயம் பேசலாங்களா?"

பதில் வரவில்லை.

இன்றைக்கு அவருக்கு வேலை ஒன்றும் இல்லை. பழையபடி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பழனாத்தா விளக்குமாறோடு வந்தாள். அவரைத் தாண்டிப் போய், கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே பாய் இல்லை, செம்பு இல்லை, ஆள் இல்லை.

"அம்மா எங்கீங்க?"

"மார்கழி பாதியிலயே போயிட்டாங்களே சாமி."

"நான் தினமும் வந்து கேட்டுக்கிட்டு இருந்தனே."

"வந்து கதவுகிட்டப் பேசிட்டுப் போவீங்க. அது உங்க பூசையாக்கும்னு நெனச்சேன்."

அர்த்தநாரி எழுந்து வெறும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்களே."

"ஏனுங்க சாமி, உங்ககிட்டத்தான் முதல்ல வந்தாங்க," என்றாள் பழனாத்தா. "வாசப்படியில மூட்டையோட நின்னு, 'நான் கிளம்பறேன், வர்றீங்களா'ன்னு கேட்டாங்க. நீங்க பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. 'இப்ப முடியாதுங்க, ஊதக்காத்து உள்ள வருது, கதவைச் சாத்திட்டுப் போங்க'ன்னு சொன்னீங்க."

"அம்மா என்ன பண்ணாங்க?"

"சிரிச்சுக்கிட்டே சாத்திட்டுப் போனாங்க."