வாய் திறக்காத மைனா

ஒரு காட்டில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பொந்தில் தீனி சேர்ப்பவர்கள் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு ரகசியச் சொல் வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு வண்டு காவல் இருக்கும். கதவில் ஒரு மூங்கில் குழாய் செருகியிருக்கும். அதில் வாயை வைத்துச் சொல்லை ஓதினால் வண்டுக்கு மட்டும்தான் கேட்கும். சொல் சரியென்றால் கதவு திறக்கும்.

அங்கே மினுக்கன் என்று ஓர் அணில் இருந்தது. அதற்கு ஐந்து பொந்துகள். ஞாபகசக்தி மட்டும் சுத்தமாகக் கிடையாது. அவசரமோ ஐந்து அணிலுக்குப் போதும்! அதனால் எல்லாச் சொற்களையும் பூவாச்சி என்ற மைனாவிடம் ஒப்படைத்திருந்தது. பூவாச்சி கூடவே பறந்து வரும். எந்தப் பொந்தோ அந்தப் பொந்தின் சொல்லைக் குழாயில் ஓதிவிடும். மினுக்கன் கையை வீசிக்கொண்டு உள்ளே போகும்.

அது ஐப்பசி மாதம். அடைமழை இன்றோ நாளையோ என்றிருந்தது. வீட்டில் மனைவி வெள்ளச்சியும் பால்குடி மறந்த மூன்று குட்டிகளும் இருந்தன. மழை முடியும்வரை சாப்பிட வேண்டிய வாதுமைக் கொட்டை மொத்தமும் ஆற்றங்கரை மருதமரப் பொந்தில்தான் இருந்தது.

மினுக்கன் அங்கே போய் நின்றது.

"ம், சொல்லு பூவாச்சி."

பூவாச்சி குழாயைப் பார்த்தது. அலகை மூடிக்கொண்டது.

"அட, சொல்லேன்!"

ம்ஹூம்.

"போச்சுடா! கெட்டுப்போச்சு போலிருக்கே!" மினுக்கன் மைனாவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது. "எங்கே, ஒருதரம் பறந்து போய்ட்டுத் திரும்பி வந்து உட்காரு. சரியாயிடும்."

பாவம், பூவாச்சி பறந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

மினுக்கன் அதைப் பக்கத்து வேப்பமரப் பொந்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. அங்கே பூவாச்சி கணீரென்று குழாயில் ஓதியது. கதவு திறந்தது.

"நல்லாத்தானே இருக்கே! அங்கே மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?"

"அண்ணே, அந்தக் குழாய்…" என்று பூவாச்சி ஆரம்பித்தது.

"வாயை மூடு! பேச வேண்டிய இடத்துல பேசமாட்டே, இங்கே வந்து வளவளன்னு பேசு!"

மறுபடியும் மருதமரம். இந்தமுறை மினுக்கனே கதவைத் தட்டியது.

"வண்டுத் தம்பி! கதவைத் திறப்பா!"

"சொல்லைச் சொல்லுங்க ஐயா," என்றது வண்டு. "குழாயைக் கரையான் அரிச்சு ஓட்டை போட்டிடுச்சு, ஓதறதெல்லாம் வெளியே போயிடுது, உள்ளே ஒண்ணும் சரியாக் கேட்கலை. சும்மா சத்தமாவே சொல்லுங்க."

மினுக்கன் தலையைச் சொறிந்தது, வாலைக் கடித்தது, நெடுநேரம் யோசித்தது. கடைசியில் எப்படியோ ஞாபகம் வந்துவிட்டது.

"மொட்டைப் பாறை மேலே முயல் போட்ட முட்டை!" என்று ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்படி கத்தியது.

கதவு திறந்தது. "பார்த்தியா?" என்று மைனாவைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டது மினுக்கன். குட்டிகளுக்காக அன்றைக்கு ஒரே ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு, மீதியை நாளைக்குத் தூக்கிக்கொள்ளலாம் என்று கிளம்பியது.

மேல்கிளையில் தாண்டவன் என்ற குரங்கு படுத்திருந்தது. அது திருட்டையே தொழிலாக வைத்திருக்கும் பேர்வழி. அன்றைக்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா காது கொடுத்துக் கேட்டதோடு சரி.

மறுநாள் காலை தூறல் தொடங்கியது. மினுக்கன் ஓடோடி வந்து பார்த்தால் பொந்து துடைத்து வைத்த மாதிரி காலி!

"ஐயோ! யாருக்குடா திறந்தே?"

"நேத்து நீங்க போன கையோட ஒருத்தர் வந்தாருங்க," என்றது வண்டு. "முயல் முட்டையைச் சரியாச் சொன்னாரு, திறந்தேன். ஆள் யாருன்னு பார்க்கிறது என் வேலை இல்லீங்களே?"

மினுக்கனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மற்ற நாலு பொந்துகளில் இருந்தது நாலு நாளைக்குத்தான் வந்தது. மழையோ விடுவேனா என்றது. தினமும் நனைந்துகொண்டே போய், உதிர்ந்த அத்திப்பழத்தைச் சேற்றிலிருந்து பொறுக்கி வந்தது மினுக்கன். அதையும் வெள்ளச்சி தான் தின்னாமல் குட்டிகளுக்குப் பிய்த்துக் கொடுத்தது. அதைப் பார்க்கப் பார்க்க மினுக்கனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

ஒருநாள் மினுக்கன் பூவாச்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"ஏம்மா, அந்தக் குழாய்ல சொன்னா ஊருக்கே கேட்கும்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வாயை மூடிக்கிட்டு அதைத்தானே அண்ணே அவ்வளவு நேரம் சொன்னேன்!"

நீதி: நம்மைக் காப்பவர் ஓரிடத்தில் மறுத்தால், அவரைக் குறை சொல்லுமுன் அந்த இடத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.